துரைகிட்ட எப்போ சொல்றது?

எனக்கு எழுதுற நண்பர்கள்ல பாதிப் பேர் ஆபீஸ் வேலையில இருக்கறவங்க. சென்னை, கோவை, பெங்களூர். அதுல நாலு பேர்ல ஒருத்தராவது, “அண்ணா, இன்னும் ரெண்டு மூணு வருஷம்தான், அப்புறம் ஊருக்கு வந்து நிலத்தைப் பார்க்கப் போறேன்” என்று எழுதுறீங்க. மண் பற்றிக் கேட்பீங்க, விதை பற்றிக் கேட்பீங்க, யானை வருமா, காட்டெருமை வருமா என்று கேட்பீங்க. இதை இப்போ இருக்கிற மேனேஜர்கிட்ட சொல்லலாமா, கூடாதா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. போன வருஷம் ஆடி மாசம் என் தங்கை மகன் கேட்டான். அதை வைத்து எங்கள் வீட்டில் எட்டு மாசம் பேச்சு ஓடியது.

பையன் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். வயசு இருபத்தொன்பது. அப்பா இல்லை. தங்கைக்கு இத்தலாரில் ஒன்றரை ஏக்கர் தேயிலை, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம். படிப்புக்கு வாங்கிய கடன் இன்னும் பாக்கி இருந்தது. அவன் நினைப்பு என்னவென்றால், அரை ஏக்கர் பழைய தேயிலையை எடுத்துவிட்டுப் பூண்டும் காய்கறியும் போடுவது, கோயம்புத்தூரில் நேராக வீடுகளுக்குக் கொடுப்பது, ரெண்டு வருஷத்தில் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுவது.

ஃபோனில் சொன்னான்: “மாமா, என் மேனேஜர் நல்ல மனுஷன். வேலை கத்துக் கொடுத்ததே அவர்தான். அவர்கிட்ட மறைச்சு வெச்சுக்கிட்டு தினமும் முகத்தைப் பார்க்கிறது கஷ்டமா இருக்கு. சொல்லிடட்டுமா?”

தங்கை பக்கத்தில் இருந்தாள். ஃபோனை வாங்கி, “அவர்கிட்டயும் சொல்ல வேண்டாம், இங்க ஹட்டியில யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்” என்று வைத்துவிட்டாள். அவள் பயம் வேற. மண்வெட்டி பிடிக்க வருகிறான் என்று தெரிந்தால் பெண் யார் கொடுப்பார்கள்? எங்கள் படகர் சமுதாயத்தில் வரதட்சணை கேட்கிற வழக்கம் இல்லை, அது நல்ல விஷயம். ஆனால் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்ற கேள்வி எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரி இங்கேயும் இருக்கிறது. தேயிலைக்காரன் வீட்டிலேயே தேயிலைக்காரனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். 2000-ஆம் வருஷம் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது எங்கள் வீடுகளில் என்ன நடந்தது என்று பார்த்த தலைமுறை அது. அப்போதுதான் பிள்ளைகளைக் கீழே அனுப்ப ஆரம்பித்தோம். கீழே என்றால் மேட்டுப்பாளையத்துக்கு அந்தப் பக்கம் எல்லாமே எங்களுக்குக் கீழேதான்.

நான் அவனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. எனக்கே இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

பிளஸ் டூ முடித்துவிட்டு நான் ஒரு எஸ்டேட்டில் சூப்பர்வைசர் வேலைக்குப் போனேன். பெயர் வேண்டாம். மேனேஜரை எல்லாரும் துரை என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரன் போய் நாற்பது வருஷம் ஆகியும் அந்தப் பேர் மட்டும் போகவில்லை. பெரிய துரை, சின்ன துரை. எங்கள் துரை தமிழர்தான், ஆனாலும் துரை. தொண்ணூறுகளின் நடுவில் இலைக்கு நல்ல விலை வந்தது. அப்பாவுக்கு முட்டி வலி. சொந்த நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு வருஷம் முன்னாடியே துரையிடம் போய்ச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. “சரி” என்றார், அவ்வளவுதான். அடுத்த மாசம் எனக்கு வர வேண்டிய ஃபீல்டு ஆபீசர் வேலை எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குப் போனது. என்னைக் கடைசி டிவிஷனுக்கு அனுப்பினார்கள். தினமும் நாலு மைல் நடை, அட்டைக்கடி வேறே. ஆனால் அந்த டிவிஷனில்தான் நர்சரி இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் கிளை வெட்டிப் பதியம் போடுவது, நிழல் கட்டுவது, மண்ணில் புளிப்பு பார்ப்பது எல்லாம் கையில் வந்தது. கிளம்புகிற அன்று துரை, “எத்தனை நாற்று வேணும்?” என்று கேட்டார். ஐந்நூறு யூபாசி-9 கன்று கொடுத்தார். பணம் வாங்கவில்லை. அந்தச் செடியில் இன்றைக்கும் கொழுந்து கிள்ளுகிறோம்.

அந்த ஆள் எனக்குக் கெடுதல் செய்தாரா, நல்லது செய்தாரா? ரெண்டும் செய்தார். போகப்போகிறவனுக்குப் பதவி கொடுக்க எந்த துரையும் விரும்ப மாட்டான். அது பகை இல்லை, அவர் வேலை அப்படி. விவசாயியும் அதைத்தான் செய்வான். அடுத்த வருஷம் பிடுங்கப்போகிற செடிக்கு யாராவது உரம் போடுவார்களா?

மருமகனுக்கு இதைச் சொன்னபோது அவன் கேட்டது: “அப்போ சொல்லக் கூடாதுங்கறீங்களா?” இல்லை. சொன்னால் உரம் நிற்கும் என்று தெரிந்துகொண்டு சொல்லு என்கிறேன்.

லைப்ரரியில் ராமானுஜன் பற்றி ஒரு புத்தகம் எடுத்துப் படித்திருந்தேன். கணக்கு எனக்கு ஒரு வரி புரியவில்லை. ஆனால் அவர் ஆபீஸ் கதை நன்றாகப் புரிந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாசம் 30 ரூபாய் சம்பளம். அவருக்கு மேலே இருந்தவர் எஸ். நாராயண ஐயர். அவருக்கு மேலே துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்கிற வெள்ளைக்கார என்ஜினியர். இங்கே ஒரு சின்னப் பையன் குமாஸ்தா வேலையில் உட்கார்ந்துகொண்டு மனசெல்லாம் வேற எங்கேயோ இருக்கிறான். சாதாரண ஆபீசாக இருந்தால் என்ன நடக்கும்? மெமோ வரும். ஆனால் நாராயண ஐயருக்கே கணக்கில் பித்து. ராத்திரி ரெண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்களாம். அவர்தான் ஸ்பிரிங்கிடம் எடுத்துச் சொன்னார். 1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது, நான் துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா என்று மறைக்காமல்தான் ஆரம்பித்தார். அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறிவிட்டார். துறைமுகத்தார் ஒரு குமாஸ்தாவை இழந்தார்கள், அதற்கு அவர்களே வழியும் செய்து கொடுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, ஆஹா, மேனேஜரிடம் சொன்னால் எல்லாம் நடக்கும் என்று ஓடாதீர்கள். மேலே இருக்கிறவருக்கும் கணக்கு தெரிந்திருந்தது. அதுதான் விஷயம். அவர் எழுதிய தாளைப் பார்த்து இது என்ன என்று அவரால் சொல்ல முடிந்தது.

இன்னொரு பக்கம் நம்மாழ்வார் ஐயா. 1963-ல் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அது மானாவாரி பூமி. மழையை நம்பி இருக்கிற சம்சாரிக்கு, விலை கொடுத்து வாங்குகிற ஒட்டு விதையும் உரமும் வைத்து ஆராய்ச்சி பண்ணி என்ன பிரயோஜனம், அவன் கையில் காசே இல்லையே என்று மேலே இருந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தார். நம் ஆராய்ச்சியை மாற்றுவோம் என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. 1969-ல் அரசு வேலையை விட்டுவிட்டுக் களக்காடு பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து கிராமங்களுக்குள் போய்விட்டார். அவர் ஒளித்து வைத்து வேலையை விடவில்லை. ஆறு வருஷம் அவர்களுக்குள்ளேயே இருந்து சொன்னார். அவர்களுக்கு அந்த பாஷை புரியவில்லை.

சர் சி.வி. ராமன் மூணாவது மாதிரி. 1907-ல் நிதித்துறையில் பெரிய உத்தியோகத்தில் கல்கத்தா போனவர். பகலில் ஆபீஸ், அதற்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் சங்கத்தில் ஆராய்ச்சி. பத்து வருஷம் அப்படி ஓட்டினார். 1917-ல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வேலை வந்தபோது, சம்பளம் குறைவு என்று தெரிந்தும் போனார். ஆபீஸ் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாதபடி வைத்துக்கொண்டு, தன் வேலையை ராத்திரியில் வளர்த்தார்.

இந்த மூணையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். “மாமா, நான் பூண்டு போடறதுக்கு நோபல் பரிசுக்காரங்களை எல்லாம் இழுக்கறீங்களே.” சரி, இழுக்காமலே சொல்கிறேன் என்று எங்கள் ஊர்க் கதைக்கு வந்தேன்.

இலை ஏஜென்ட் என்று ஒருவர் உண்டு. வண்டி கொண்டுவந்து பச்சை இலையை எடை போட்டு எடுத்துக்கொண்டு ஃபேக்டரியில் போடுவார். கல்யாணம், ஆஸ்பத்திரி, ஸ்கூல் ஃபீஸ் என்றால் அவரிடம்தான் முன்பணம் வாங்குவோம். முன்பணம் நிற்கும்போது, “அடுத்த மாசத்திலிருந்து வேற ஃபேக்டரிக்குப் போடப் போறேன்” என்று சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? மழை பெய்யாத நாளிலும் இலையில் தண்ணி என்று கழிவு போடுவார்கள். முற்றின இலை அதிகம் என்பார்கள். அதனால் எங்களில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் பாக்கியைத் தீர்ப்பார்கள், அப்புறம் சொல்வார்கள். சொல்லாமல் போகமாட்டார்கள், ஏனென்றால் நாளைக்கு இதே ரோட்டில் அதே வண்டி வரும், முகத்தைப் பார்க்க வேண்டும்.

“உனக்கு அங்கே என்ன பாக்கி?” என்று கேட்டேன். யோசித்துச் சொன்னான். படிப்புக் கடன் கொஞ்சம். அப்புறம் வேலையில் சேர்ந்து நாலு வருஷம் நாலு மாசம்தான் ஆகியிருந்தது. ஐந்து வருஷம் முடித்தால்தான் கிராஜுவிட்டி. வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று ஐந்து வருஷத்துக்கு. சின்னப் பணம் இல்லை, ஒரு போகத்துக்கு விதையும் எருவும் அதிலேயே வாங்கலாம். கம்பெனியில் வேலையை விடுவதற்கு 90 நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தமும் இருக்கிறதாம். சட்டப்படி அவன் சொல்ல வேண்டிய நாள் அந்த 90-தான். அதற்கு முன்னால் சொல்வதெல்லாம் அவன் விருப்பம்.

சில பேர் இதைப் படித்துவிட்டு, கிராஜுவிட்டிக்காக மறைப்பது நேர்மையா என்று கேட்பீர்கள். அவன் உழைத்த காசு அது. வாயை மூடிக்கொண்டு வேலையை ஒழுங்காகச் செய்தால் அதில் என்ன பொய் இருக்கிறது? யாரும் கேட்காதபோது சொல்லாமல் இருப்பது ஒன்று. கேட்கும்போது மாற்றிச் சொல்வது வேறு. இந்த வித்தியாசம்தான் கடைசியில் எங்களுக்கு வேலை வைத்தது.

அதற்கு முன்னால் பூண்டு.

நான் அவனிடம் போட்ட ஒரே நிபந்தனை இது. “பேசுறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளாமை எடு. அதுக்கு அப்புறமும் வரணும்னு தோணிச்சுன்னா மேனேஜர்கிட்ட போகலாம்.” தேயிலையைப் பிடுங்க விடவில்லை. தேயிலை வைத்து ஒழுங்காக இலை எடுக்க மூணு நாலு வருஷம் ஆகும். பிடுங்க ஜேசிபி வந்தால் ஒரு நாள் போதும். அதனால் வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் மட்டும். ஐப்பசியில் லீவு போட்டு வந்தான். மண்ணைக் கொத்தி, எரு போட்டு, பாத்தி எடுத்து, பல் பல்லாக ஊன்றினான். ரெண்டாம் நாள் கையில் கொப்புளம். மார்கழிப் பனியில் விடிகாலை தண்ணீர் தெளிக்க வேண்டும், இல்லையென்றால் தாள் கருகிவிடும். அதை அவன் அம்மாதான் செய்தாள். திட்டிக்கொண்டே செய்தாள். தை மாசம் ஒரு ராத்திரி காட்டெருமை வந்து ஒரு மூலையை மிதித்துவிட்டுப் போனது. ஃபோனில் சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எத்தனை பாத்தி மாமா?” என்று மட்டும் கேட்டான்.

மாசியில் எடுத்தோம். காயவைத்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பினோம். அவனும் லாரியில் ஏறிப்போய் ஏலம் பார்த்துவிட்டு வந்தான். விதை, எரு, ஆள்கூலி, லாரி வாடகை, கமிஷன் எல்லாம் போக 11,000 ரூபாய் நின்றது. அம்மா தெளித்த தண்ணீருக்கும், அவன் லீவுக்கும் கூலி போடாமல். போட்டால் நஷ்டம். அதையும் அவன் தாளில் எழுதித்தான் வைத்திருந்தான். எனக்கு அந்தத் தாள் பிடித்திருந்தது. லாபம் என்று துள்ளியிருந்தால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

பங்குனியில் ஐந்து வருஷம் முடிந்தது. அதே சமயத்தில் கம்பெனியில் வருஷ மதிப்பீடு. மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைத்து, வெளிநாட்டில் ஒரு வேலை இருக்கிறது, பதினெட்டு மாசம், உன் பெயரைத்தான் எழுதப் போகிறேன், அடுத்த ஐந்து வருஷத்துக்கு உன் எண்ணம் என்ன என்று கேட்டிருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரி மூணு பேரும் ஃபோனில். தங்கை சொன்னாள்: “போயிட்டு வா. பதினெட்டு மாசம் காசு சேர்த்துட்டு வந்து அப்புறம் எதுவேணா பண்ணு.” அதுவும் கெட்ட யோசனை இல்லை. கடன் அடைந்துவிடும். பெண் வீட்டில் சொல்ல ‘ஃபாரின்’ என்று ஒரு வார்த்தை கிடைக்கும். நான் அவள் பக்கம்தான் கொஞ்சம் சாய்ந்தேன், உண்மையைச் சொன்னால். ஆனால் அவன் கேட்ட ஒரு கேள்விக்கு எங்கள் ரெண்டு பேரிடமும் பதில் இல்லை. “அவரே கேட்டுட்டார் மாமா. இப்போ ஆமான்னு சொல்லிட்டு ஆறு மாசத்துல நான் விட்டுட்டு வந்தா அவர் மாட்டிக்குவார். என் பேரை எழுதினது அவர்தானே?”

வாயைத் திறக்காமல் இருக்கும் காலம் அத்தோடு முடிந்தது என்று எனக்கும் பட்டது. என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதைத்தான் பேசினோம். ஆசையை எல்லாம் கொட்ட வேண்டாம் என்றேன். காட்டெருமை, அம்மா, பூண்டு எதுவும் வேண்டாம். அவருக்கு எது தேவையோ அது மட்டும். வெளிநாட்டு வேலையை ஏற்க முடியாது. ஒரு வருஷத்துக்குள் ஊரோடு போக நினைக்கிறேன். அதுவரைக்கும் வேலையில் குறை வைக்க மாட்டேன், என் இடத்துக்கு யாரைச் சொல்கிறீர்களோ அவருக்குக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போகிறேன். தேதி மட்டும் சொல்ல வேண்டாம். தேதி சொன்னால் அது அவருடைய தேதியாகிவிடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னானாம். மேனேஜர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, “வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்பது. ஒருத்தன் நல்ல உடம்போடும் நல்ல புத்தியோடும் ஊருக்குத் திரும்பிப் போவான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கெட்ட எண்ணம் இல்லை, அவருக்கு அந்த இடம் தெரியாது, அவ்வளவுதான். எல்லா மேனேஜரும் நாராயண ஐயராக இருக்க முடியுமா?

ரெண்டு வாரத்தில் வெளிநாட்டு வேலை இன்னொரு பையனுக்குப் போனது. சம்பள உயர்வு மற்றவர்களைவிடக் குறைவாக வந்தது. முக்கியமான மீட்டிங் எதற்கும் கூப்பிடுவதில்லையாம். அதே மேனேஜர், மாசத்தில் ரெண்டு வாரம் ஊரிலிருந்தே வேலை பார்க்க எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை அவன் கேட்கவில்லை, அவரே கொடுத்தார். என் துரையைப் போலவே இவரும் ஒரு கையால் எடுத்து ஒரு கையால் கொடுத்திருக்கிறார்.

தங்கை இன்னும் சமாதானம் ஆகவில்லை. ஃபாரின் போன பையனின் அம்மாவை யாரென்று தெரியாமலே திட்டுகிறாள். மகனிடம் சாப்பிட வா என்பதைத் தவிர வேறு பேச்சு கம்மி. தேயிலையைத் தொட விடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், அந்த அரை ஏக்கர் பேச்சு அப்படியே நிற்கிறது. பெண் பார்க்கும் பேச்சும் நிற்கிறது.

இப்போது மாசத்தில் பதினைந்து நாள் அவன் இங்கேதான். காலையில் ஆறிலிருந்து எட்டரை வரை காட்டில், அப்புறம் குளித்துவிட்டு லேப்டாப். மழை அடித்தால் சிக்னல் போய்விடும், அப்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் மேட்டுக்கு ஓடுகிறான். ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, வேலை போய்விட்டது என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். வரும் ஐப்பசிக்கு முப்பது சென்ட் என்று முடிவு செய்திருக்கிறோம், காலி இடத்தில் பத்து, என் நிலத்தில் இருபது. குத்தகைப் பணம் கொடுப்பேன் என்கிறான், நான் வாங்கிக்கொள்வேன். விதைப்பூண்டுக்குச் சொல்லி வைத்தாச்சு. மார்கழி விடிகாலைத் தண்ணீரை இந்தத் தடவை யார் தெளிப்பது என்பது மட்டும் இன்னும் பேசி முடியவில்லை.